நாய்கள் இருக்கும் வீட்டுக்குப் புதுப் பூனை வருகிறது: எங்கிருந்து ஆரம்பிப்பது?

உறையூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் தனி வீடு. கீழே ஹாலும் இரண்டு படுக்கையறையும், மேலே மொட்டை மாடி. வீட்டில் இரண்டு நாய்கள். ஜிம்மி லேப்ரடார், ஐந்து வயது. ராணி தெருவிலிருந்து குட்டியாக வந்த நாட்டு நாய், மூன்று வயது இருக்கும்.

பக்கத்துத் தெருவில் வீடு காலி செய்தவர்கள் வளர்த்த பூனையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று நிறம் கலந்த பெண் பூனை. என் மனைவி அதைத் தத்தெடுத்தே தீருவேன் என்று நிற்கிறார். கருத்தடை ஆபரேஷன் முடிந்து கிளினிக்கில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்.

எனக்கு ஜிம்மியை நினைத்தால்தான் பயம். மதில் மேல் பூனை தெரிந்தால் போதும், தெருவே கேட்கிற மாதிரி குரைப்பான். ராணி சமர்த்து. சத்தமே போடாமல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளால் பிரச்சினை வராது என்று நினைக்கிறேன். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? மூன்று பேரையும் ஹாலில் விட்டு நாங்கள் கூடவே உட்கார்ந்திருந்தால் போதுமா?

தெருமுனை:

இதற்கெல்லாம் பாடம் படிக்க வேண்டுமா சார்? எங்கள் ஊரில் மாடு, கோழி, நாய், பூனை எல்லாம் ஒரே கொல்லையில்தான் வளர்ந்தன. பூனை மூக்கில் ஒரு அறை விட்டால் நாய் அதற்கப்புறம் பக்கத்திலேயே போகாது. விட்டுப் பிடியுங்கள், தானாகப் பழகிவிடும்.

பரண்பூனை:

தெருமுனை அண்ணன் சொல்வது கொல்லைக்குச் சரி. அங்கே பூனைக்குத் தென்னை மரம் இருக்கிறது, ஓட்டுக்கூரை இருக்கிறது, பிடிக்காவிட்டால் மூன்று வீடு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். எப்போது கிட்டே வரலாம் என்பதைப் பூனையே முடிவு செய்துகொண்டது. டைல்ஸ் போட்ட, கதவு சாத்திய வீட்டில் அந்த வசதி கிடையாது. அப்புறம் இன்னொன்றும் உண்டு. கொல்லைப் பூனை ஒன்று காணாமல் போனால் “எங்கேயோ போயிடுச்சு” என்பதோடு விட்டுவிடுவோம். எத்தனை பூனை நாய் வாயில் போனது என்று யாரும் கணக்கு வைத்ததில்லை.

உறையூர்வாசி, ஹாலில் ஒன்றாக விடுகிற யோசனையைக் கைவிடுங்கள். முதல் சில நாட்கள் நாய்கள் பூனையைப் பார்க்கவே கூடாது. ஒரு படுக்கையறையை முழுசாகப் பூனைக்குக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர், சாப்பாடு, பூனை மலஜலம் கழிக்க மண் தொட்டி மூன்றும் அந்த அறையிலேயே இருக்கட்டும், ஆனால் சாப்பாடும் மண் தொட்டியும் எதிரெதிர் மூலையில். பீரோ மேலே ஒரு பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். லாஃப்டில் ஏற ஒரு ஸ்டூல் வைத்தால் இன்னும் நல்லது. உயரத்தில் இடம் கிடைத்த பூனைக்குப் பாதி பயம் போய்விடும். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியும் வேண்டும். ஒளிந்தால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

நாய்களுக்கு வாசனைதான் அறிமுகம். பூனையின் கன்னத்தையும் தாடையையும் ஒரு பழைய துண்டால் லேசாகத் தேய்த்து அதை ஹாலில் போட்டுவையுங்கள். நாய்கள் படுக்கிற துணியைப் பூனை அறையில் வையுங்கள். துணியைப் பார்த்துப் பூனை சீறினால் இன்னும் நேரம் வேண்டும் என்று அர்த்தம். கண்டுகொள்ளாமல் அதன் பக்கத்திலேயே சாப்பிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்த கட்டம் சாப்பாடு. மூடிய கதவின் இந்தப் பக்கம் நாய்த் தட்டு, அந்தப் பக்கம் பூனைத் தட்டு. முதலில் இரண்டும் கதவிலிருந்து தள்ளியே இருக்கட்டும். பதற்றம் இல்லாமல் சாப்பிட்டால் வேளைக்கு ஒரு சாண் கிட்டே நகர்த்துங்கள். மற்றவரின் வாசனை வந்தால் சாப்பாடும் வரும் என்று இரண்டு தரப்புக்கும் பதிய வேண்டும்.

கால்நடை_மாணவி:

பரண்பூனை அக்கா சொன்ன தனி அறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தெருவில் இருந்த பூனைக்கு என்ன நோய் ஒட்டியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரியாது. முக்கியமாக பேன்லூக்கோபீனியா என்ற கொடிய பூனை வைரஸ் நோய். தொற்று ஏற்பட்டு அறிகுறி வருவதற்குச் சில நாள் ஆகும், அதனால் இரண்டு வாரமாவது தனியாக இருப்பது நல்லது. 1978 வாக்கில் உலகம் முழுக்க நாய்க்குட்டிகளைக் கொன்று தீர்த்த பார்வோ வைரஸ் இந்தப் பூனை வைரஸின் வம்சத்திலிருந்து கிளம்பியதுதான். இன்று சுற்றிலும் இருக்கும் நாய்ப் பார்வோ வகைகள் பூனைக்கும் தொற்றும். உங்கள் வீட்டில் முன்பு எந்த நாய்க்காவது பார்வோ வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பூனைக்கு மூன்று நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி, ரேபீஸ் ஊசி, குடற்புழு மருந்து. நாய்களின் ஊசி அட்டையையும் எடுத்துத் தேதி பாருங்கள்.

வீட்டில் எல்லாரும் தவறவிடுகிற இரண்டு விஷயம். ஒன்று, ஃபினாயில். நாய் வீடுகளில் வாசனை போக வேண்டும் என்று ஃபினாயில் ஊற்றித் துடைப்போம். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பூனை புழங்கும் இடத்தில் சோப்புத் தண்ணீர் போதும். பார்வோ பயம் இருந்தால் 1 பங்கு ப்ளீச், 30 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகுதான் பூனையை விட வேண்டும். சும்மா ஃபினாயில் தெளித்து பார்வோ சாகாது.

இரண்டு, உண்ணி மருந்து. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் கலந்த நாய்ப் பவுடர், ஷாம்பு, முதுகில் விடும் சொட்டு மருந்து எதுவும் பூனை மேல் படக் கூடாது. பெர்மெத்ரின் பட்ட பூனைக்கு நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகலாம். நாய்க்குப் போட்டுவிட்டு இரண்டையும் ஒன்றாகப் படுக்கவிட்டாலும் ஆபத்து. பூனை உள்ள வீட்டில் நாய்க்கு எது போடலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். மாத்திரையாகவும் கிடைக்கிறது.

புது இடத்தில் ஒரு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் பரவாயில்லை. இரண்டு நாள் வாயே வைக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நிலைமை சட்டென்று மோசமாகும், குண்டுப் பூனைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

சிப்பிப்பாறைக்காரன்:

உறையூர் தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. ராணி சத்தம் போடாமல் நின்று பார்க்கிறாள், அதனால் சமர்த்து என்கிறீர்கள். என் கணக்கில் ஜிம்மியை விட ராணியைத்தான் கவனிக்க வேண்டும்.

நான் வேட்டை நாய் வளர்க்கிறவன். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் முயல் விரட்டுவதற்கென்றே தெற்கில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி. கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும். குரைத்தால் முயல் ஓடிவிடுமே, அதனால் வேட்டையின்போது சத்தமே வராது. குரைக்கிற நாய்க்குப் பரபரப்பு, ஆசை, பயம், எதுவாகவும் இருக்கலாம். பிடிக்க நினைக்கிற நாய் அடங்கிவிடும். நாட்டு நாய் எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை. பூனையோடு ஒரே சாக்கில் படுக்கிற நாட்டு நாய்கள் ஏராளம். ராணி எந்த ரகம் என்று பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள் என்கிறேன்.

அடுத்த முறை மதிலில் பூனை வந்தால் பூனையை விட்டுவிட்டு ராணியைப் பாருங்கள். வாய் திறந்து நாக்கு தொங்குகிறதா, இல்லை சட்டென்று மூடிக்கொண்டதா? காது இரண்டும் முன்னால் குத்திட்டு நிற்கிறதா? உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு வந்து, ஒரு கால் தரையில் பட்டும் படாமலும் தூக்கியிருக்கிறதா? வால் அசைவு நின்றுவிட்டதா? அப்போது பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். காதாவது அசைந்தால் வழி இருக்கிறது. கூப்பிட்டது காதிலேயே விழாத மாதிரி நின்றால், கோழித் துண்டை மூக்குக்கு முன்னால் நீட்டியும் கண்ணை எடுக்கவில்லை என்றால், அந்த நாயையும் பூனையையும் நடுவில் தடுப்பு இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சிப்பிப்பாறையில் மூத்தது பூனையோடு பழகிவிட்டது. இளையது பழகவே இல்லை. இப்போது முன்கட்டு பூனைக்கு, பின்கட்டு அவனுக்கு. யாருக்கும் குறை கிடையாது. எல்லாரையும் ஒரே பாயில் படுக்க வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

உறையூர்வாசி:

அண்ணா, இன்று சாயங்காலமே பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான் நிற்கிறாள், வாய் மூடி, ஒரு கால் தூக்கி. இரண்டு முறை கூப்பிட்ட பிறகு காது மட்டும் திரும்பியது. கோழிக்கு வந்தாள், கொஞ்சம் யோசித்துத்தான் வந்தாள். ஜிம்மி குரைத்து முடித்துத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

பூனை நாளை மறுநாள் வருகிறது. கதவை எப்போது திறப்பது? திறக்கிற அன்று என்ன செய்ய வேண்டும்?

பரண்பூனை:

நேராகத் திறக்காதீர்கள். அந்த அறை வாசலில் கொசுவலைக் கதவு போட முடியுமா என்று தச்சரிடம் கேளுங்கள். நைலான் வலை வேண்டாம், ஒரே கீறலில் கிழிந்துவிடும். ஸ்டீல் வலை, கீழ்ப்பாதிக்குப் பலகை. குழந்தைக்குப் போடும் பேபி கேட்டும் கிடைக்கிறது, ஆனால் பூனை அதைத் தாண்டிவிடும், ராணி மாதிரி நாயும் தாண்டும். வலைக் கதவு என்றால் பூனை போனபிறகும் கொசுவுக்கு ஆகும், வீட்டில் அனுமதி வாங்குவது சுலபம்.

முதலில் வலைக்கு மேல் ஒரு பெட்ஷீட் தொங்கட்டும். சாப்பாட்டு வேளையில் மட்டும் அடியில் கொஞ்சம் தூக்குங்கள். நாய்களை ஒவ்வொன்றாகத்தான் கூட்டி வர வேண்டும், இரண்டும் சேர்ந்து ஒருபோதும் வேண்டாம். தனியாக இருக்கும்போது பேசாமல் இருக்கிற நாய், இன்னொன்று கிளம்பினால் தானும் கிளம்பும். நன்றாக நடத்தி, ஓடவிட்டு, களைத்த பிறகு கழுத்தில் பெல்ட் போட்டுக் கூட்டி வாருங்கள். கயிறு கையில் தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் ஏதோ ஆபத்து என்று நாய்க்கு உடனே தெரிந்துவிடும்.

பையில் வேகவைத்த கோழித் துண்டு, உப்பு மசாலா இல்லாமல், சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கியது. நாய் பூனையைப் பார்க்கும். பார்த்த அந்தக் கணமே, விறைப்பதற்கு முன்னால், பேர் சொல்லி ஒரு துண்டு. திரும்பப் பார்க்கும், இன்னொரு துண்டு. கொஞ்ச நாளில் பூனையைப் பார்த்ததுமே “எங்கே என் துண்டு?” என்று அதுவாக உங்கள் பக்கம் திரும்பும். அதுதான் நமக்கு வேண்டியது. பூனை எழுந்து நடக்கும்போதும் திரும்புகிறதா, தாவும்போதும் திரும்புகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும் பூனைக்குப் பழகுவது எல்லா நாயாலும் முடியும், ஓடுகிற பூனைதான் பரீட்சை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிட வேண்டும்.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நாயிடம் காட்டவே காட்டாதீர்கள். பயந்தால் உங்கள் தோளைப் பிறாண்டித்தான் தப்பிக்கும். கூண்டில் வைத்து நாயை மோப்பம் பிடிக்க விடுவதும் வேண்டாம், ஓட முடியாத இடத்தில் மாட்டிவிட்டுப் பழகு என்பது கொடுமை. பூனை வாலை ஆட்டுகிறதே, சந்தோஷமாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். பூனை வாலைச் சுளீர் சுளீரென்று அடித்தால் எரிச்சல். காது பக்கவாட்டில் படிந்தால் பயம். வால் நேராக மேலே நின்று நுனி மட்டும் வளைந்திருந்தால்தான் நல்ல மனநிலை.

தெருமுனை:

சரி, ஒப்புக்கொள்கிறேன், கொல்லை வேறு, ஹால் வேறுதான். ஆனால் செலவைப் பாருங்கள்: வலைக் கதவு, கோழி, தனி அறை, தனித் தட்டு. சாப்பாட்டையாவது ஒன்றாக்கலாமே? எங்கள் வீட்டில் நாய்க்கும் பூனைக்கும் தயிர் சாதம்தான், இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

கால்நடை_மாணவி:

கொல்லைப் பூனை தயிர் சாதத்தோடு எலி, பல்லி, வெட்டுக்கிளி எல்லாம் தின்றிருக்கும் அண்ணா, அதில்தான் உயிர் வாழ்ந்தது. வீட்டுக்குள் அடைத்த பூனைக்கு நாம் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. டாரின் என்ற சத்தை நாய் உடம்பு தானே செய்துகொள்ளும், பூனை உடம்பால் போதிய அளவு செய்ய முடியாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கி, அதன் தசை பலவீனமாகும் என்பது 1987-இல் ஆய்வில் உறுதியானது. கண்ணின் விழித்திரையும் கெடும். அதனால் நாய்ச் சாப்பாட்டைப் பூனைக்கு நிரந்தரமாகப் போடக் கூடாது. மாறாக, பூனைச் சாப்பாட்டை நாய் திருடித் தின்றால் விஷம் இல்லை, ஆனால் புரதமும் கொழுப்பும் கூடுதல், லேப்ரடார் உருண்டுவிடும். பூனைத் தட்டு மேசை மேல் இருக்கட்டும்.

சேலத்து_அக்கா:

எங்களுக்கு ஒரே படுக்கையறை உள்ள ஃபிளாட், ஒரு பக் நாய், ஒரு பூனை. தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். பாத்ரூமைத்தான் பூனை அறையாக்கினோம். காற்றோட்டமுள்ள ஜன்னல் இருந்தது, வாளிகளில் தண்ணீர் தேங்காமல் கவிழ்த்து வைத்தோம். நாங்கள் குளிக்கும் நேரம் பூனை படுக்கையறையில், நாய் ஹாலில்.

பழகிய பிறகு வந்த தலைவலி மண் தொட்டி. பூனைக் கழிவு நாய்க்குப் பலகாரம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எல்லா நாய் வீட்டிலும் இதுதான் கதை. பாத்ரூம் கதவுக் கைப்பிடியிலிருந்து சுவர் ஆணிக்கு ஒரு கயிறு கட்டி, கதவு நாலு விரல்கடை மட்டும் திறக்கிற மாதிரி வைத்தோம். பூனை உடம்பைச் சுருக்கி நுழைந்துவிடும், பக்கின் தலை மாட்டிக்கொள்ளும். கோபமாக மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

பக், பெகினீஸ் மாதிரி முட்டைக்கண் நாய் வைத்திருப்பவர்கள் பூனை நகத்தை நுனி மட்டும் வெட்டிவிட்டுத்தான் அறிமுகம் செய்யுங்கள். பூனை அறையும்போது நேராகக் கண்ணில் படும். எங்கள் நாய்க்குக் கருவிழியில் கீறல் விழுந்து வாரக்கணக்கில் சொட்டு மருந்து போட்டோம். இங்கே எல்லாரும் பூனைக்கு ஆபத்து என்றே பேசுகிறீர்கள், நாய்க்கும்தான்.

உறையூர்வாசி:

நிலவரம் சொல்கிறேன். பூனை வந்துவிட்டது, பெயர் செம்பருத்தி. வந்த நாளிலிருந்து பீரோ மேல்தான் வாசம், ராத்திரி இறங்கிச் சாப்பிடுகிறது. வலைக் கதவு போட்டாகிவிட்டது. ஜிம்மி முதல் மூன்று வேளை குரைத்தான். அப்புறம் கோழி எந்தப் பையில் இருக்கிறது என்பதில்தான் அவனுக்கு அக்கறை. இப்போது வலைக்கு முன்னால் படுத்துக் குறட்டை விடுகிறான், செம்பருத்தி வலைக்குள்ளிருந்து அவன் வாலைக் குறி பார்க்கிறாள்.

ராணி மெதுவாகத்தான் போகிறாள். செம்பருத்தி உட்கார்ந்திருந்தால் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறாள். நேற்று செம்பருத்தி ஸ்டூலிலிருந்து குதித்ததும் ராணி பழையபடி உறைந்துவிட்டாள். கயிற்றோடு பின்னால் கூட்டிப் போனேன், நாலைந்து அடி தள்ளி வந்ததும் காது திரும்பியது. ஆகவே அவளுக்கு மட்டும் தூரத்தைக் கூட்டியிருக்கிறேன்.

இப்படியே போனால் எப்போது மூவரையும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் வெளியே போகலாம்?

சிப்பிப்பாறைக்காரன்:

ஜிம்மியை இன்னும் சில வாரம் கயிற்றோடு பழக்கி, பிறகு நீங்கள் இருக்கும்போது மட்டும் அவிழ்த்துவிடலாம். ராணி விஷயத்தில் தேதி கேட்காதீர்கள். வெளியே போகும்போது வலைக் கதவு மட்டும் போதாது, மரக் கதவையும் சாத்திவிட்டுப் போங்கள். அது ஒரு வருடம் ஆனாலும் சரி, கடைசி வரைக்கும் ஆனாலும் சரி.

நேற்று தள்ளிக் கூட்டிப் போனது நல்ல வேலை. அதட்டவில்லையே? அதட்டாதீர்கள். பூனை வந்தால் திட்டு விழும் என்று பதிந்துவிட்டால் கோபம் முழுக்கப் பூனை மேல் திரும்பும். உறுமினாலும் அடிக்காதீர்கள், உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி வரும்.

தடுப்பு இல்லாமல் ராணியைச் சந்திக்க வைக்கிற நாள் வந்தால் வாய்க்கூடு போடுங்கள். கம்பிக்கூடை மாதிரி இருக்கிற ரகம், அதில் வாய் திறந்து மூச்சிரைக்க முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி ரகம் நம் ஊர் வெயிலுக்கு உயிருக்கே ஆபத்து. கூட்டுக்குள் கோழி வைத்து அதற்கும் முன்கூட்டியே பழக்க வேண்டும். தீபாவளி நெருங்கினால் எந்தப் புதுக் கட்டத்துக்கும் போகாதீர்கள். வெடிச் சத்தத்தில் பயந்த நாயும் பயந்த பூனையும் ஒரே அறையில் இருந்தால் இதுவரை செய்தது எல்லாம் வீண்.

கால்நடை_மாணவி:

ஒரு சேர்க்கை. இந்த நாட்களில் செம்பருத்தி மண் தொட்டிக்குப் போகிறாளா என்று தினமும் பாருங்கள். மன அழுத்தம் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சியாகவும் வெளிப்படும். அடிக்கடி தொட்டியில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம் கலந்து போவது அறிகுறி. ஆண் பூனை வளர்ப்பவர்கள் இன்னும் உஷார்: சிறுநீர் முழுசாக அடைத்துக்கொண்டால் அன்றே ஆஸ்பத்திரி, காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

புதுமுகம்_கோவை:

இழை முழுக்கப் படித்தேன். எங்களுக்கு நேர் எதிர். வீட்டில் எட்டு வயதுப் பூனை, அடுத்த மாதம் நாய்க்குட்டி வருகிறது. இதே முறைதானா?

பரண்பூனை:

கிட்டத்தட்ட இதேதான், இரண்டு மாற்றம். தனி அறைக்குப் போக வேண்டியது குட்டிதான், பூனை இல்லை. எட்டு வருடம் ஆண்ட இடத்தைப் பறிக்காதீர்கள். அப்புறம் பூனைக்குத் தரையில் கால் வைக்காமல் ஹாலிலிருந்து சமையலறை ஜன்னல் வரை போக ஒரு மேல்வழி செய்து கொடுங்கள். அலமாரி, டி.வி. ஸ்டாண்ட், இரண்டு சுவர்ப் பலகை இருந்தால் போதும். குட்டி வருவதற்கு முன்பே செய்து பழக்கிவிடுங்கள்.

கால்நடை_மாணவி:

குட்டி என்பதில் லாபம் உண்டு. மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு பதினாலு வாரம் வரை நாய்க்குட்டி எதைப் பார்த்தாலும் “இதுவும் வீட்டில் ஒன்று” என்று ஏற்றுக்கொள்கிற பருவம். அதற்குள் பூனையைத் தினமும் அமைதியாகப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் குட்டிக்குக் கடித்து விளையாடத்தான் தெரியும், கிழட்டுப் பூனைக்கு அது தொல்லை. குட்டி விழித்திருக்கும்போது கயிறு மாட்டியே வையுங்கள், துரத்திப் பார்க்க ஒரு வாய்ப்புகூடக் கிடைக்க வேண்டாம். பூனைக்கு எட்டு வயது என்பதால் குட்டி வருமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசியும் பாக்கி இருந்தால் அன்றே போட்டுவிடலாம்.